பழைய லாஞ்ச் மானிட்டர் வாங்கலாமா? கோட்டையூர்த் தோட்டத்தில் மூன்று வழிகளைச் சோதித்துப் பார்த்தது

என் தங்கை மகன் சிங்கப்பூரில் இருந்தபோது ஒன்பது வயதில் கோல்ஃப் ஆடத் தொடங்கினான். குடும்பம் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் கோட்டையூருக்குத் திரும்பி மூன்று வருடம் ஆகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் கோல்ஃப் மைதானம் கிடையாது. லீவு விட்டால் கோயம்புத்தூர், கோடையில் கொடைக்கானல். மற்ற நாளெல்லாம் வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் வலை கட்டி அடிக்கிறான். பந்து ஆறு மீட்டரில் வலையில் நின்றுவிடும். அது நூற்றைம்பது யார்டு போயிருக்குமா, நூற்றறுபதா, இடப்பக்கம் வளைந்திருக்குமா என்று சொல்வதற்குத்தான் லாஞ்ச் மானிட்டர். புதிதில் நல்லதாக வாங்கினால் லட்சங்களில் போகும்.

“பழசு வாங்கினா என்ன அம்மான்? எண்ணு சரியா வந்தா போதாதா?” என்று கேட்டான்.

எண் சரியாக வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நாலு மாதம் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். காரைக்குடியில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும் பழைய லாஞ்ச் மானிட்டர் பெட்டியைப் பார்க்கப் போகிறவருக்கு உதவும்.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, பழைய கேமரா வகை. பந்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அடி விழுந்தவுடன் பந்தைப் படமெடுத்துக் கணக்கிடும். ஃபோர்சைட் நிறுவனத்தின் 2010-ஆம் ஆண்டு ஜிசி2, 2014-இல் வந்த ஸ்கைட்ராக் எல்லாம் இந்த வகை. இரண்டாவது, பழைய ரேடார் வகை. ஆட்டக்காரருக்குப் பின்னால் இரண்டரை மீட்டர் அளவு தள்ளி நின்று பறக்கும் பந்தைத் தொடரும். டிராக்மேனும் ஃப்ளைட்ஸ்கோப்பும் பெயர் வாங்கியது இதில். மூன்றாவது, புதிய சின்ன ரேடார். 2021-இல் 599 டாலர் விலையில் வந்த கார்மின் ஆர்10 போன்றவை. இதில் பழசு என்ற கவலை இல்லை, வாரண்டி உண்டு.

கருவி காட்டும் எண்களில் அளந்தவை சில, கணக்குப் போட்டுச் சொன்னவை சில. எல்லாவற்றுக்கும் முதலில் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கேமரா வகை பந்தின் வேகத்தையும், கிளம்பும் கோணத்தையும், ஸ்பின் என்ற சுழற்சியையும் அளக்கிறது. பந்து எத்தனை யார்டில் தரையைத் தொடும் என்ற கேரி, அந்த அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு. ரேடார் வகை திறந்த வெளியில் பந்து பறப்பதைத் தொடர்ந்து பார்க்கிறது. ஆனால் வலைக்கு முன்னால் வைத்தால் அதுவும் முதல் சில மீட்டரைப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கணக்குதான் போடும். திரையில் பெரிய எழுத்தில் மின்னுவது கேரி. விற்பவர் காட்டுவதும் அதைத்தான். சோதிக்க வேண்டியதோ அதற்கு அடியில் சின்னதாக இருக்கும் பந்து வேகம்.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மலேசியாவிலிருந்து வந்த ஒருவரிடம் பழைய கேமரா பெட்டி ஒன்று இருந்தது. பையன் 7 அயர்ன் என்ற நடுத்தரத் தூர மட்டையில் அடித்தான்: பந்து வேகம் மணிக்கு 110 மைல், கேரி 161 யார்டு. அவன் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு உறுத்தியது.

டிராக்மேன் முன்பு வெளியிட்ட, தொழில்முறைப் போட்டி ஆட்டக்காரர்களின் சராசரிகளை மனதில் வைத்திருந்தேன். 7 அயர்னில் பிஜிஏ ஆண்களுக்குப் பந்து வேகம் 120 மைல், கேரி 172 யார்டு. எல்பிஜிஏ பெண்களுக்கு 104 மைல், 141 யார்டு. பதினாறு மைல் வேகத்துக்கு முப்பத்தோரு யார்டு. அதாவது மைலுக்கு இரண்டு யார்டு சுமார். அப்படியானால் 110 மைலுக்கு 152 அல்லது 153 வர வேண்டும். எட்டு யார்டு எங்கிருந்து வந்தது? செட்டிங்கைத் திறந்து பார்த்தோம். உயரம் என்ற இடத்தில் 5,000 அடி என்று இருந்தது. முன்பு வைத்திருந்தவர் ஏதோ மலையூரில் ஆடியிருக்கிறார் போல. உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் ஆயிரம் அடிக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலாகப் பந்து கூடுதலாகப் பறக்கும். எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் அளவில்தான் இருக்கிறது. அந்த எண்ணைத் திருத்தியதும் கேரி 152-க்கு இறங்கியது.

அளவு சரியாக இருந்தது, கணக்குக்குக் கொடுத்த உயரம்தான் தவறு. யோசிக்காமல் “இந்தப் பெட்டி பொய் சொல்கிறது” என்று திருப்பிக் கொடுத்திருந்தால் நல்ல கருவியை இழந்திருப்போம். பழைய பெட்டி எதைத் தொட்டாலும் உயரம், வெப்பநிலை, எந்தப் பந்து, எந்த அலகு என்ற செட்டிங்குகளை முதலில் பாருங்கள்.

சரி, அந்த 110 மைல்தான் உண்மையா? இதைச் சோதிக்க ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு கைப்பேசியும், தார்ப்பாயும், அளவு நாடாவும் போதும்.

வலைக்கு முன்னால் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினோம். பந்து வைக்கும் இடத்துக்கும், தார்ப்பாயில் பந்து படும் இடத்துக்கும் நடுவில் நேர்கோட்டுத் தூரம் சரியாக 6 மீட்டர் வருகிற மாதிரி அமைத்தோம். தரையில் அளக்கக் கூடாது. பந்து மேல்நோக்கிக் கிளம்புவதால், தரையில் அளந்தால் தூரம் குறைவாக வரும். 16 பாகைக் கோணத்தில் நாலு சதவீதம் பிசகிவிடும். பந்து பட்ட தடத்திலிருந்தே நாடாவைப் பிடிக்க வேண்டும். கைப்பேசியை இரண்டு இடத்துக்கும் சம தூரத்தில், பந்து போகும் வழியை விட்டு இரண்டு மீட்டர் தள்ளி, ஒரு செங்கல் மேல் வைத்து ஒலிப்பதிவை ஓடவிட்டோம். சம தூரத்தில் வைத்தால் இரண்டு சத்தமும் ஒரே அளவு தாமதத்தில் வந்து சேரும், தாமதம் கழிந்துவிடும்.

பதிவைக் கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்தால் ஒலிக்கோட்டில் இரண்டு முள் தெரியும். கிளப், அதாவது மட்டை, பந்தைத் தொட்ட “டக்”, பந்து தார்ப்பாயில் மோதிய “டொப்”. முதல் அடியில் இடைவெளி 0.125 விநாடி. 6-ஐ 0.125 ஆல் வகுத்தால் விநாடிக்கு 48 மீட்டர், மணிக்கு 107.4 மைல். இது ஆறு மீட்டருக்கும் சேர்ந்த சராசரி. காற்று இழுப்பதால் பந்து வழியிலேயே கொஞ்சம் வேகம் இழக்கிறது. அதனால் சராசரி, கிளம்பிய வேகத்தைவிட ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்திருக்கும். அதைச் சேர்த்தால் கிளம்பிய வேகம் 109 மைலுக்கு ஒட்டி வருகிறது. பெட்டி காட்டியது 110. முள்ளைக் குறிப்பதில் ஆயிரத்தில் ஒரு விநாடி தவறினால் ஒரு சதவீதத்துக்குள்தான் பிசகு வரும். வீட்டு முற்றத்தில் செய்கிற சோதனைக்கு இது அருமையான நுணுக்கம்.

முதலில் இதை வீட்டுக்குள் பட்டாலைக் கூடத்தில்தான் செய்து பார்த்தோம். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பி, இரண்டாவது முள் எது என்றே தெரியவில்லை. திறந்த தோட்டத்துக்கு மாறியதும் பளிச்சென்று வந்தது.

ஒரு பந்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. பத்துப் பந்து அடித்து, பெட்டி சொன்னதற்கும் ஒலி சொன்னதற்கும் உள்ள வித்தியாசத்தை நோட்டில் எழுதினோம். இந்தப் பெட்டி ஏறக்குறைய எல்லா அடியிலும் ஒரு மைல் கூடுதலாகச் சொன்னது. அரை மைல், ஒன்றரை மைல் என்று சற்றே முன்பின்.

அதே வாரம் இன்னொரு பழைய பெட்டி பார்க்க வந்தது. அதுவும் கேமரா வகைதான். அதன் வித்தியாசங்கள் இப்படி: கூட நாலு, குறைய ஒன்று, கூட மூன்று, குறைய இரண்டு. கூட்டிச் சராசரி எடுத்தால் அதுவும் ஒரு மைல் கூடுதல்தான்! சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இரண்டும் ஒன்று என்று சொல்லியிருப்போம்.

எங்கள் வீட்டு வளவில் ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த சுவர்க்கடிகாரம் ஒன்று இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் முந்தும். என்றைக்கும் அதே இரண்டு நிமிடம். அதை வைத்துத்தான் அப்பத்தா அறுபது வருடம் காலம் ஓட்டினார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடையில் நான் ஆசைப்பட்டு வாங்கிய கடிகாரம் ஒன்றும் இருக்கிறது. ஒரு நாள் முந்தும், ஒரு நாள் பிந்தும், மாதக் கணக்கில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பஸ் பிடிக்க முடியாது. பழைய கருவியில் தவறு இருப்பது குற்றமில்லை. அது ஒரே இடத்தில் நிற்கிறதா, அலைகிறதா என்பதுதான் கேள்வி. நின்றால் கழித்துக்கொள்ளலாம். அலைந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

அலைந்த பெட்டியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். மூடி சேரும் இடத்தில் நகம் நுழைகிற இடைவெளி, ஒரு திருகாணியின் தலை தேய்ந்திருந்தது. யாரோ கீழே போட்டுத் திறந்து மூடியிருக்கிறார்கள். கேமரா வகை தூரத்தை லென்ஸின் நிலையிலிருந்து கணிக்கிறது. அந்த நிலை மயிரிழை அசைந்தாலும் வேகமும் கோணமும் போய்விடும். விற்றவர் “ஒரு நாளும் விழுந்ததில்லை” என்றார். நாங்கள் ஒன்றும் சொல்லாமல் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

ரேடார் இந்த விஷயத்தில் கெட்டி. அது வேகத்தை அளப்பது திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தால். போலீஸ்காரர்களின் வேகத் துப்பாக்கியை இசைக்கவையைத் தட்டிக் காட்டிச் சரிபார்ப்பார்கள், அதே தத்துவம்தான். அதிர்வெண் வருடக் கணக்கில் பெரிதாக நகராது. அதனால் பத்து வயதான ரேடாரின் பந்து வேகத்தை நான் தைரியமாக நம்புவேன். திசையும் கோணமும் வேறு கதை: பெட்டியை மட்டமாக வைத்து, இலக்கைப் பார்த்துச் சரியாகத் திருப்பினால்தான் அவை சரியாக வரும்.

பழைய ரேடார் ஒன்றைச் சோதிக்கக் கண்மாய்க்குப் போனோம். பங்குனி மாதம், தண்ணீர் வற்றிப் பாளம் பாளமாக வெடித்த தரை, ஓரத்தில் சீமைக்கருவேலம், தூரத்தில் ஆடுகள். காலை ஆறரை மணி, இலை அசையவில்லை. இந்தச் சோதனைக்குக் காற்றில்லாத நேரம் அவசியம். ஆடியில் வைத்தால் அம்மியே பறக்கும், பந்துக்கு என்ன கணக்கு! இரண்டு பையன்கள் 130 மீட்டருக்கு அப்பால் தள்ளி நின்று, பந்து விழுந்து புழுதி எழும் இடத்தில் குச்சி நட்டார்கள். பன்னிரண்டு பந்து. உருண்டு போன தூரத்தைச் சேர்க்கவில்லை, முதலில் தொட்ட இடம் மட்டும். நாடாவில் அளந்த சராசரி 137 மீட்டர், அதாவது 150 யார்டு. பழைய ரேடார் ஒவ்வொரு பந்துக்கும் குச்சியிலிருந்து இரண்டு யார்டுக்குள் சொன்னது. கேமரா பெட்டியும் அன்று பக்கத்தில் இருந்தது. அது இரண்டு யார்டு கூட்டிச் சொன்னது. ஒரு மைல் வேகம் கூடுதல் என்று ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான், இரண்டு யார்டாக வெளிவந்தது. ஒலிச் சோதனையும் கண்மாய்ச் சோதனையும் கைகோத்துக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

திறந்த வெளியில் ரேடார் ஜெயித்தது, சந்தேகமே இல்லை. ஆனால் பையன் தினமும் கண்மாயில் ஆடப்போவதில்லை. மழைக்காலத்தில் இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில்தான் வலை. அங்கே பின்னால் இரண்டரை மீட்டர், முன்னால் அதே அளவு பறப்பதற்கு இடம் வேண்டும், தூண்கள் வேறு. மின்விசிறியைப் போட்டால் சுழலும் இறக்கையையும் ரேடார் அசைவாகப் பார்க்கிறது, சில அடிகள் பதிவாகவே இல்லை. காரைக்குடி வெயிலில் விசிறியை நிறுத்திவிட்டு யார் ஆடுவது?

அப்புறம் ஸ்பின். இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. வெட்ஜ் என்ற குறுந்தூர மட்டையை எடுத்து உலர்ந்த பந்தில் ஐந்து அடி, பிறகு பந்தையும் கிளப் முகத்தையும் தண்ணீரில் நனைத்து ஐந்து அடி. நனைந்தால் பிடிமானம் போய் ஸ்பின் வெகுவாகக் குறையும், பந்து உயரமாகக் கிளம்பும். கேமரா பெட்டியில் நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்றுக்குக் கிட்டே இருந்தது ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. தாழ்வாரத்தில் வைத்த ரேடாரிலோ ஈரப் பந்துக்கும் உலர்ந்த பந்துக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. குறுகிய தூரத்தில் அது ஸ்பின்னை அளக்காமல், வேகத்தையும் கோணத்தையும் வைத்து “இவ்வளவு இருக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தது. பந்தில் உலோகப் பொட்டு ஒட்டினால் ரேடாருக்கு ஸ்பின் பிடிபடும், அது உண்மை. ஆனால் ஒவ்வொரு பந்திலும் ஒட்டி, ஒவ்வொரு முறையும் பொட்டு எங்கே பார்க்கிறது என்று கவனித்து வைக்க வேண்டும்.

கேமராவிலும் ஒரு கண்ணி உண்டு. சில பெட்டிகள் பந்தின் மேல் உள்ள எழுத்தையோ கோட்டையோ பார்த்துத்தான் சுழற்சியைக் கணிக்கின்றன. எழுத்து கேமராவைப் பார்க்கும்படி வைத்து ஐந்து, மறுபுறம் திருப்பி வைத்து ஐந்து என அடித்துப் பாருங்கள். ஸ்பின் எண்ணிக்கை தாறுமாறாக மாறினால், அந்தப் பெட்டியோடு வாழ்கிறவர் ஒவ்வொரு பந்தையும் திருப்பி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நேர் வெயிலும் கேமராவுக்கு ஆகாது. எங்கள் தோட்டத்தில் காலை எட்டு மணிக்கு மேல் நிழல் தேட வேண்டியிருக்கிறது.

டிரைவர் என்ற நெடுந்தூர மட்டையில் இன்னொரு சின்னச் சோதனை. பந்து வேகத்தைக் கிளப் வேகத்தால் வகுத்தால் வருவது ஸ்மாஷ் ஃபேக்டர். கிளப் முகத்தின் துள்ளலுக்கு விதி வரம்பு இருப்பதால் இது ஏறக்குறைய 1.5-ஐத் தாண்ட முடியாது. திரையில் 1.56, 1.58 என்று அடிக்கடி வந்தால் கிளப் வேகத்தை நம்பாதீர்கள். அதனால் பந்து வேகமும் தப்பு என்று ஆகிவிடாது.

மூன்றாவது வழி, புதிய சின்ன ரேடார். நண்பர் ஒருவர் இரவல் கொடுத்தார். கண்மாயில் வைத்தபோது கேரி குச்சிக்கு ஓரளவு பக்கத்தில் வந்தது. கையில் எடுத்துப் போக அவ்வளவு வசதி. வலைக்குள் ஸ்பின் கணக்குதான், அளவு இல்லை. ஒவ்வொரு கிளப்பும் சுமாராக எவ்வளவு போகிறது என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால், பழைய பெட்டிகளோடு மல்லுக்கட்டாமல் இதை வாங்கிவிடலாம். ஆடத் தொடங்குகிற பிள்ளைக்கு நான் இதைத்தான் சொல்வேன். எங்கள் பையன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான். பந்து ஏன் வளைந்தது என்று கேட்கிறான், அதற்கு அளந்த ஸ்பின் வேண்டும்.

கடைசியாகக் கேமரா பெட்டியைக் கோயம்புத்தூருக்கு எடுத்துப்போய், அவனுடைய பயிற்சியாளரின் புதிய கருவிக்குப் பக்கத்தில் வைத்தோம். இருபது பந்து, ஒரே அடியை இரண்டும் பார்த்தன. இது மிக முக்கியம். இன்று ஒன்றில் பத்து, நாளை இன்னொன்றில் பத்து என்று அடித்தால் ஆள் மாறியதையும் கருவி மாறியதையும் பிரிக்கவே முடியாது. அதே ஒரு மைல் கூடுதல், அதே சின்ன ஊசலாட்டம். ஸ்பின் ஒட்டியே வந்தது. ஏறக்குறைய அரை பாகை வலப்பக்கமாகத் திசை சொன்னது. பாயை ஒட்டி வைக்கும்போது பெட்டி சற்றுத் திரும்பியிருந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தோம்.

பணம் கொடுக்கும் முன் இன்னும் இரண்டு விஷயம் பார்த்தோம். பேட்டரி உப்பியிருக்கிறதா, சார்ஜ் போடாமல் ஒரு மணி நேரம் தாங்குகிறதா என்பது ஒன்று. மற்றது லைசன்ஸ். பல பெட்டிகளில் மென்பொருள் உரிமை சீரியல் நம்பரோடோ பழைய உரிமையாளரின் கணக்கோடோ கட்டப்பட்டிருக்கும், சிலவற்றில் வருடச் சந்தா வேறு. எல்லாம் சரியாக அளந்தும், உரிமை மாற்ற முடியாவிட்டால் அது வெறும் பெட்டி. விற்பவரை அருகில் வைத்துக்கொண்டே கணக்கை நம் பெயருக்கு மாற்றிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

ஆக, எங்களுக்கு அந்தப் பழைய கேமராதான். தோட்டம், தாழ்வாரம், மழை, விசிறி எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகிறது, தவறு இருக்கும் இடமும் தெரிகிறது. தோப்பும் திறந்த நிலமும் இருந்து, பந்தைப் பறக்கவிட்டு அடிக்க முடிகிறவர்கள் பழைய ரேடாரை வாங்கட்டும். நான் தயங்காமல் சொல்வேன்.

மே மாதம் கொடைக்கானல் போகிறான். இரண்டாயிரத்து நூறு மீட்டர் உயரம், இங்கே நூற்றைம்பது போகும் பந்து அங்கே நூற்றறுபதைத் தாண்டும். முந்தின வருடம் அங்கே எல்லாப் பந்தும் குழி இருக்கும் கிரீனைத் தாண்டி விழுந்து குழம்பிப் போனான். இந்த முறை இங்கிருந்தே உயரத்தை மாற்றி வைத்து, ஒவ்வொரு கிளப்புக்கும் புதுக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறான். பெட்டி மூடியின் உள்பக்கம் அவன் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: “பந்து வேகத்தில் 1 மைல் கழிக்கவும். ஊருக்கு வந்ததும் உயரத்தை 100 மீட்டருக்கு மாற்றவும். தார்ப்பாய்ச் சோதனை: பங்குனி. அடுத்தது: ஐப்பசி மழைக்கு முன்.”